சிறார் மேனியிற் படரும் படை

நம் உடம்பினைப் போர்த்துள்ள தோல், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் பலவற்றிற்கு உறைவிடமாய் இருக்கின்றது. இதனைக் கேட்போர் முதற்கண் வியப்பெய்துவர். சிலர் அருவருப்பும் எய்துவர். ஆயினும், அவ்வுயிர்களுட் பெரும்பாலன நமக்கு யாதொரு தீங்கும் இழைப்பனவல்ல. தீங்கிழைக்கும் சிலவற்றுட் பூஞ்சை என்னும் இனமும் ஒன்று. மழைக்காலத்தில் நனைந்த தோற்செருப்பின் மேலும், மூடிவைக்க மறந்த ஊறுகாயின் மேலும் வெண்மையாகப் பூத்து நிற்பது எவ்வினமோ, அவ்வினத்தைச் சார்ந்த உயிர்களே சிறார் மேனியிற் படையென்றும் தேமலென்றும் சேற்றுப்புண்ணென்றும் பல பெயர் பெற்று விளங்குகின்றன.

தமிழ் பயில்வார்க்கு மருத்துவ நூலில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நம்முட் பலர் இக்கல்லூரியை விட்டு நீங்கியபின் ஆசிரியராக அமரப் போகின்றோம். அவ்வாறு அமரும் நாளில், நாற்பது சிறார் ஒருங்கே அமர்ந்துள்ள வகுப்பில், தலையிலோ கையிலோ வட்டமாய் ஒரு படையுடன் ஒரு குழந்தை வந்து நிற்றல் உறுதி. அப்பொழுது அக்குழந்தையை யாம் எங்கே அமரச் செய்வோம்? அதன் தாய்க்கு யாது கூறுவோம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கம்.

புழுவென எண்ணிய பிழை

வட்டமாய்ப் படரும் இந்நோயைக் கண்ட பழங்காலத்தார், தோலினுள்ளே புழுவொன்று சுற்றிச் சுற்றி ஊர்வதாகக் கருதினர். ஆங்கிலேயர் இதற்கிட்ட பெயர் ‘வளையப்புழு’ என்னும் பொருளது. இலத்தீன் மொழியில் ‘டினியா’ என்னும் பெயரோ துணியரிக்கும் பூச்சியின் புழுவைக் குறிப்பது. நம் நாட்டிலும் தலைமயிர் வட்டமாய் உதிர்தலைப் ‘புழுவெட்டு’ என்றே வழங்குகின்றோம். ‘படர்தாமரை’ என்னும் தமிழ்ப்பெயர் மட்டும், புழுவை நாடாது, வட்டமாய்ப் படரும் வடிவையே சுட்டி நிற்றல் கருதத்தக்கது.

புழு யாதும் இல்லை என்பது 19ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. 1837ஆம் ஆண்டில் ராபர்ட் ரேமாக் என்பார், தலையில் மஞ்சட் பொருக்காய் வரும் ஒருவகைப் படையினை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்து, அதில் நூலிழை போன்ற உறுப்புக்களைக் கண்டார். 1839இல் ஷான்லைன் என்னும் பேராசிரியர் அவை பூஞ்சையே என எடுத்துரைத்தார். பின்னர் ரேமாக் அப்பொருக்கினைத் தம் கையிலேயே வைத்துக் கட்டி, நோயைத் தாமே ஏற்று, அது தொற்றுவது என்பதை மெய்ப்பித்தார். 1845இல் அப்பூஞ்சைக்குப் பெயருமிட்டார். பாரிசு நகரில் டேவிட் கிரூபி என்பாரும் அதே காலத்திற் றனித்து ஆராய்ந்து அம்முடிவினையே எய்தினர். நுண்ணுயிர்களால் மாந்தர்க்கு நோய் வருமென்பதை உலகம் பொதுவாக ஏற்றுக்கொள்வதற்குப் பல்லாண்டு முன்னரே, எளிய படை நோய் அவ்வுண்மைக்குச் சான்றாய் நின்றது.

வட்டம் ஏன்?

தோலின் மேற்புறமும் மயிரும் நகமும் கெராட்டின் என்னும் கடினமான புரதப் பொருளால் ஆயவை. பிற உயிர்கள் எளிதிற் செரிக்கவியலாத அப்பொருளையே உணவாகக் கொள்ளும் ஆற்றல் படைப்பூஞ்சைகட்கு உண்டு. ஆதலின் அவை தோலின் மேலடுக்கிலேயே தங்கும். உயிருள்ள கீழடுக்கினுட் பெரும்பாலும் இறங்குவதில்லை. ஓரிடத்தில் வேரூன்றிய பூஞ்சை நாற்புறமும் ஒரே அளவாய் வெளிநோக்கி வளரும். உடம்பு தன் காவலரை ஏவி எதிர்த்து நிற்க, முதலிற் பற்றிய நடுவிடம் ஆறித் தெளியும். விளிம்பு மட்டும் சிவந்து, சற்றே தடித்து, செதிலுதிர்த்துக் கொண்டு முன்னேறும். இதுவே வட்டம் தோன்றுதற்குக் காரணம். ஆகவே நோய் உயிருடன் இருக்குமிடம் விளிம்பே என்பதையும், மருந்து சென்று சேர வேண்டிய இடமும் அதுவே என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இந்நோய் ஒருவர் மேனி மற்றொருவர் மேனியைத் தீண்டுதலாலும், சீப்பு, துண்டு, தொப்பி, தலையணை முதலியவற்றைப் பலரும் பொதுவாய் வழங்குதலாலும், தூய்மை செய்யப்படாத சவரக் கருவிகளாலும் பரவும். பூனைக்குட்டி, நாய்க்குட்டி இவற்றினின்றும் சிறார்க்கு வருதலுண்டு. வியர்வையும் ஈரமும் இறுகிய உடையும் இதற்குத் துணை செய்யும். வறுமையுடையார் வீட்டில் ஒரே பாயும் ஒரே துண்டும் பலர்க்குப் பொதுவாய் இருத்தலின் அங்கே மிகுதியாய்க் காணப்படுமேயன்றி, இஃது ஒழுக்கக் குறையின் விளைவுமன்று. தாயின் சோம்பலுக்குச் சான்றுமன்று.

வகைகளும் அடையாளங்களும்

முதலாவது, உடம்பில் வரும் படர்தாமரை. முகம், கை, கழுத்து, இடுப்பு ஆகிய இடங்களிற் காசளவாய்த் தோன்றி விரியும். விளிம்பு மேடுற்று, நடு தெளிந்து, அரிப்பு மிக்கிருக்கும். கரப்பானும் சிலவேளை வட்டமாய்த் தோன்றுமாயினும், அதில் நடுவிடம் தெளியாது முழுவட்டமும் ஒரேபடியாய்ச் செதிலும் நீரும் கொண்டிருக்கும். விரலிடுக்குக்களிற் சிறு கொப்புளமாய்த் தோன்றி, இரவில் அரிப்பு மிகுந்து, வீட்டிலுள்ளார் பலரையும் ஒருங்கே பற்றுவது சிரங்கு. அது பூஞ்சையாலன்றி ஒருவகைச் சிற்றுண்ணியால் வருவது. அதற்கு மருந்தும் வேறு.

இரண்டாவது, தலையில் வரும் படை. இது பெரும்பாலும் பருவமெய்தாச் சிறாரையே பற்றும். பருவமெய்திய பின்னர்த் தலைத்தோலில் எண்ணெய்ப்பசை மிகுதலும், அதிலுள்ள சில கொழுப்பமிலங்கள் இப்பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுத்தலும் இதற்குக் காரணமாகக் கூறப்படும். தலையில் வட்டமாய்ச் செதிலுண்டாகி, மயிர் அடியோடு ஒடிந்து, கரும்புள்ளிகள் போல் முனைமட்டும் எஞ்சி நிற்கும். சில குழந்தைகட்குப் பொடுகு போன்ற செதில் மட்டுமே காணப்படும். சிறு குழந்தைக்குப் ‘பொடுகு’ நீங்காது நிற்பின், அது படையோ என ஐயுறல் அறிவுடைமை. பிடரியில் நெறி கட்டுதலும் ஓர் அடையாளம். மேற்கூறிய புழுவெட்டிலோ தோல் வழுவழுப்பாய்ச் செதிலின்றி இருக்கும். அது பூஞ்சை நோயன்று, உடம்பின் காவலாற்றல் தன் மயிர்க்காலையே பகையாக எண்ணித் தாக்குதலால் விளைவது.

தலைப்படை முற்றியவிடத்து, சில குழந்தைகட்குத் தலையிற் சீழ்கொண்ட கட்டியென்று எண்ணத்தக்க மெத்தென்ற வீக்கம் உண்டாகும். இதனைக் கட்டியென மயங்கிக் கீறிவிடுதல் பெரும்பிழை. அது பூஞ்சைக்கு எதிராக உடம்பு காட்டும் கடுஞ்சினமேயாம். உரிய மருந்து காலத்தே கிடையாதாயின், அவ்விடத்தில் வடுவேற்பட்டு மயிர் என்றும் முளையாது போதல் கூடும். படை நோய்களுள் விரைந்து மருத்துவரை நாட வேண்டுவது இதுவே.

மூன்றாவது, தேமல். பழந்தமிழ்ச் செய்யுட்களில் மகளிர் மேனியிற் படரும் சுணங்கு அழகெனப் பேசப்படுதல் தமிழ் பயில்வார் அறிவர். அது வேறு, யாம் ஈண்டுக் கூறும் தேமல் வேறு. இது மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் வெளிறியோ கருகியோ சிறுசிறு புள்ளிகளாய்த் தோன்றி ஒன்றோடொன்று கூடும். நகத்தாற் சுரண்டின் மெல்லிய தவிடு போல் உதிரும். இதற்குக் காரணமான மலசீசியா என்னும் பூஞ்சை எண்ணெய்ப்பசையை விரும்புவது. ஆகவே தலைப்படைக்கு நேர்மாறாய், பருவமெய்தும் காலத்தே இது மிகும். அப்பூஞ்சை ஏறத்தாழ எல்லார் தோலிலும் இயல்பாகவே வாழ்வதாதலின், தேமலுடையாரை ஒதுக்கி வைத்தற்குக் காரணம் சிறிதும் இல்லை.

சிறு குழந்தைகளின் கன்னத்திற் காணும் வெளிறிய திட்டுக்களை, வயிற்றிற் பூச்சி இருத்தலால் வந்தவையென்று பலர் நம்புகின்றனர். அவை பெரும்பாலும் வறட்சியால் வரும் மெல்லிய கரப்பான் வகையே. பூச்சி மருந்தால் அவை நீங்குவதில்லை. நாளடைவில் தாமே மறையும். ஆனால் வெளிறிய திட்டில் தொடுவுணர்ச்சி குன்றியிருக்குமாயின் வாளா இருத்தலாகாது. அது தொழுநோயின் தொடக்கமாதல் கூடும். காலத்தே கண்டால் அந்நோயும் முற்றக் குணமாவதே. அதற்கு அரசாங்க மருத்துவமனைகளில் மருந்து விலையின்றிக் கிடைக்கும்.

நான்காவது, கைக்குழந்தைகட்கு வருவது. துணி கட்டும் இடத்திலும் தொடையிடுக்கிலும் கொழுந்துச் சிவப்பாய்ப் பரந்து, அதனைச் சுற்றிச் சிறு செம்புள்ளிகள் சிதறிக் காணப்படின், அது கேண்டிடா என்னும் பூஞ்சையின் செயலாகும். அதே பூஞ்சை வாயில் வெண்படலமாய்த் தோன்றுவதைத் தாய்மார் ‘அக்கரம்’ என்பர். பால்திட்டு மெல்லத் துடைத்தால் அகலும். அக்கரம் எளிதில் அகலாது. வெங்காரத்தைத் தேனிற் குழைத்துத் தடவும் பழைய வழக்கத்தை விட்டொழித்தல் வேண்டும். வெங்காரம் குழந்தைக்கு நஞ்சு. தேனோ ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குக் கொடிய வாத நோயை விளைக்கும் நுண்ணுயிர் வித்துக்களைக் கொண்டிருத்தல் கூடும்.

ஐந்தாவது, கால்விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண். மழைக்காலத்தில் நீரில் நடந்து ஈரம் துவட்டாத சிறார்க்கும், நனைந்த காலுறையோடு நாள்முழுதும் இருப்பார்க்கும் தோல் வெளுத்து ஊறி வெடிக்கும். பூஞ்சையும் பிற நுண்ணுயிரும் கூடி இதனை விளைக்கும்.

தீர்க்கும் முறை

நோய் ஐயத்திற்கிடமாயிருப்பின், மருத்துவர் விளிம்பிலுள்ள செதிலைச் சிறிது சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியாற் காண்பர். செதில் கரைந்து தெளிய, பூஞ்சையின் இழைகள் மட்டும் தெளிவாகத் தோன்றும். இஃது எளிய சோதனை, செலவும் சிறிது.

உடம்பிற் சிற்சில இடங்களில் மட்டும் படர்தாமரை இருப்பின் மேற்பூச்சு மருந்தே போதியது. கிளாட்ரிமசோல், மைக்கோனசோல் முதலிய களிம்புகள் இதற்கு உரியவை. பூசும் இடத்தைக் கழுவி நன்கு உலர்த்திய பின்னர், நாள்தோறும் இருமுறை, வட்டத்தின் விளிம்பைக் கடந்து ஓரிரு விரற்கிடை வெளியேயும் பூசல் வேண்டும். வழக்கமாக 2 முதல் 4 வாரம் வரை செல்லும். அரிப்பு அடங்கியவுடன் நிறுத்திவிடுதல் பலருடைய வழக்கம். படை மீண்டும் முளைத்தற்கு அதுவே முதற்காரணம். கண்ணுக்கு மறைந்த பின்னரும் ஒரு வாரமேனும் தொடர்ந்து பூசல் நலம்.

தலைப்படைக்கோ மேற்பூச்சு மட்டும் பயன்படாது. பூஞ்சை மயிர்க்காலினுட் புகுந்திருத்தலின் களிம்பு ஆங்குச் சென்று எட்டாது. உள்ளுக்கு மருந்துண்ணல் இன்றியமையாதது. கிரிசியோஃபுல்வின், டெர்பினஃபின் என்பவை அவ்வகை மருந்துகள். குழந்தையின் எடையறிந்து மருத்துவரே அளவு குறிக்க வேண்டும். கிரிசியோஃபுல்வினைப் பால் முதலிய கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் உடம்பு அதனை நன்கு ஏற்கும். அதனை 6 முதல் 8 வாரமோ, அதற்கு மேலுமோ உண்ண நேரும். கீட்டகோனசோல் அல்லது செலீனியம் சல்பைடு கலந்த தலைகழுவும் நீர்மத்தை வாரம் இருமுறை வழங்கினால் பிறர்க்குப் பரவுதல் குறையும். தேமலுக்கும் இவ்விரு நீர்மங்களே பயன்படும். ஆயின், தேமற் பூஞ்சை அழிந்த பின்னரும் தோலின் நிறம் மீளச் சில திங்கள் செல்லும். அதனால் மருந்து பயனற்றதென மனந்தளரலாகாது.

கைக்குழந்தைக்குத் துணியை அடிக்கடி மாற்றுதலும், சிறிது நேரம் காற்றாட விடுதலும், மருத்துவர் தரும் பூஞ்சைக்களிம்பும் போதும். அக்கரத்திற்கு மருத்துவர் தரும் சொட்டு மருந்தைக் குழந்தையின் வாயில் இடுங்கால், தாயின் மார்பிலும் அந்நோய் இருக்கின்றதா என நோக்கி, இருவர்க்கும் ஒருங்கே மருந்து செய்தல் வேண்டும். சேற்றுப்புண்ணுக்கு விரலிடுக்கை உலரவைத்தலே பாதி மருந்து.

நம் நாட்டார் சீமையகத்தி இலையை அரைத்துப் படைக்குப் பூசுதலுண்டு. வண்டுகொல்லி என்னும் பெயரும் அதற்குண்டு. பூஞ்சையை அடக்கும் பொருள்கள் அவ்விலையில் உள்ளன என்பது உண்மையே. ஆயினும் அளவறியாது பூசினாற் குழந்தையின் மெல்லிய தோல் எரிந்து புண்ணாதலுங் கூடும். தலைப்படைக்கோ அது சிறிதும் எட்டாது. ஆகவே அதனை மட்டும் நம்பிக் காலத்தைப் போக்குதல் தகாது.

நன்மைபோல் வரும் தீமை

இனி, எல்லாவற்றினும் முதன்மையாய்க் கூறவேண்டுவது ஒன்றுண்டு. மருந்துக்கடைகளில் மருத்துவர் சீட்டின்றி வாங்கப்படும் களிம்புகள் பலவற்றில், பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டு என்னும் வலிய மருந்தும் கலந்திருக்கின்றது. இதனைப் பூசிய இரண்டொரு நாளில் அரிப்பும் சிவப்பும் மாயம் போல் மறையும். மறைந்தது நோயன்று, நோயை எதிர்த்து நின்ற உடம்பின் போர்க்குரலே அடக்கப்பட்டது. காவலர் உறங்கிய ஊரிற் கள்வர் பெருகுதல் போல, பூஞ்சை தடையின்றிப் பரவும். வட்டவடிவம் கெட்டு, இன்ன நோயென மருத்துவரும் அறியவொண்ணா உருவங் கொள்ளும். குழந்தையின் தோல் மெலிந்து, வரிவரியாய் வெடித்துத் தழும்பேறுதலும் உண்டு. இக்கேடு கண்டே 2018ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாப் பட்டியலிற் சேர்த்தது. ஆயினும் சட்டம் ஏட்டில் நிற்க, களிம்பு கைமாறிக்கொண்டே இருக்கின்றது. டெர்பினஃபின் மருந்துக்கும் அடங்காத புதிய படைப்பூஞ்சை ஒன்று இந்நாட்டிற் பரவி, 2020இல் ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே’ எனப் பெயர் பெற்றதும் ஈண்டுக் கருதத்தக்கது. நம் நாட்டின் பெயர் ஒரு நோய்க்கிருமியின் பெயரில் இடம்பெறுதல் பெருமைக்குரியதன்று.

விரைவில் நலம் காணும் வேட்கை, சிறாரை முன்னரும் கெடுத்ததுண்டு. உட்கொள்ளும் மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், தலைப்படையுற்ற குழந்தைகளின் தலையில் எக்ஸ்-கதிர் பாய்ச்சி மயிரை உதிர்த்து வந்தனர். பல நாடுகளில் இது நிகழ்ந்தது. இஸ்ரேல் நாட்டில் 1948க்குப் பின் குடியேறியோரின் குழந்தைகள் பல்லாயிரவர் இதற்குட்பட்டனர். அவருட் பலர்க்குப் பின்னாளில் மூளையிலும் கழுத்துச் சுரப்பியிலும் கட்டிகள் தோன்றியதை 1974இல் வெளிவந்த ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது; 1994இல் அந்நாட்டு மன்றம் அவர்க்கு ஈடு வழங்கச் சட்டம் இயற்றிற்று. இத்தனைக்கும் கிரிசியோஃபுல்வின் 1939இலேயே ஒரு பூஞ்சையினின்று பிரித்தெடுக்கப்பட்டிருந்தது! அதனை உண்பித்தால் விலங்குகளின் படை நீங்கும் என்பது 1958இல்தான் ஜென்டில்ஸ் என்பாரால் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அது மாந்தர்க்கும் பயன்படலாயிற்று. பூஞ்சையால் வந்த நோய்க்குப் பூஞ்சையே மருந்தளித்த விந்தை இது.

ஆசிரியர் கடன்

சென்ற கோடை விடுமுறையில், ஒரு சிற்றூர்ப் பள்ளியின் திண்ணையில், துண்டாற் றலையை மூடிக்கொண்டு தனியே ஒரு சிறுவன் அமர்ந்திருக்கக் கண்டேன். அவன் தலையிற் படை. ‘மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும்’ என்று கூறி அவனை உள்ளே விடவில்லை. உள்ளேயிருந்து வந்த வாய்பாட்டைத் திண்ணையிலிருந்தவாறே அவன் தானும் சொல்லிக்கொண்டிருந்தான். பாடம் அவனுக்கு எட்டியது, பலகை எட்டவில்லை.

இத்தகைய ஒதுக்கம் வேண்டுவதன்று. மருந்து தொடங்கிவிட்ட குழந்தை பள்ளிக்கு வருதலால் இடரில்லை என்பதே இக்கால மருத்துவர் கொள்கை. தலையை மழித்தலும் வேண்டா. சீப்பு, துண்டு, தொப்பி இவற்றைப் பிறரோடு பகிராதிருத்தலும், வீட்டிலுள்ள பிற குழந்தைகளின் தலையையும் நோக்குதலும், துணிகளை வெந்நீரில் தோய்த்து வெயிலில் உலர்த்துதலும், வளர்ப்புப் பூனையின் மயிர் உதிர்ந்திருப்பின் அதற்கும் மருந்து செய்வித்தலும் போதும். படை கண்ட குழந்தையைப் பலர்முன் சுட்டிக் கூறாது, தாயைத் தனியே அழைத்து, ‘இது புழுவன்று, பழியுமன்று, இன்ன மருத்துவமனையில் இன்ன நாளிற் காட்டுக, கடைக்காரர் தரும் களிம்பை வாங்கற்க’ என்று மெல்ல எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன்.

படை தோலோடு நிற்பது, மருந்தால் ஆறுவது. அதன்பொருட்டு ஒரு குழந்தையைத் திண்ணையில் இருத்தினால் உண்டாகும் புண்ணோ உள்ளத்தே சென்று தங்குவது, எக்களிம்பும் எட்டாதது. முன்னதைத் தீர்க்க மருத்துவர் உளர். பின்னது தோன்றாமற் காத்தல் நம் கையில் உள்ளது.